முட்டி என்ன செருப்பா, தேய்ந்து போக?

"தேய்மானம் ஆயிடுச்சாம் டாக்டர்!"

முட்டி வலியோடு என்னிடம் வருகிற பலர் பேச்சை ஆரம்பிப்பதே இப்படித்தான். கையில் ஒரு பெரிய கவர் இருக்கும். உள்ளே எக்ஸ்ரே. அதை நீட்டும்போதே குரல் இறங்கிப் போகும், ஏதோ கோர்ட் தீர்ப்பை நீட்டுவது மாதிரி.

"சரிம்மா, வேற என்ன சொன்னாங்க?"

"மாடிப்படி ஏறக்கூடாது, கீழே உட்காரக்கூடாது, ரொம்ப நடக்கக்கூடாதுன்னாங்க. நடந்தா இருக்கிறதும் தேஞ்சிடுமாம்."

முதல் இரண்டைக் கூட விட்டுவிடலாம். அந்தக் கடைசி வரி இருக்கிறதே, அதைக் கேட்டால்தான் எனக்குக் கோபம் வருகிறது. ஏறக்குறைய முப்பது வருஷமாக சித்த வைத்தியம் பார்க்கிறவன் நான். முட்டி வலியால் கெட்டவர்களை விட, 'தேய்மானம்' என்ற வார்த்தைக்குப் பயந்து முடங்கிப் போய்க் கெட்டவர்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

யோசித்துப் பாருங்கள். செருப்பு தேயும். சைக்கிள் டயர் தேயும். அம்மிக்கல் கூடத் தேயும். இதையெல்லாம் எவ்வளவு குறைவாக உபயோகிக்கிறோமோ அவ்வளவு நாள் வரும். முட்டிக்கும் இதே கணக்கைப் போட்டுவிடுகிறார்கள் நம் ஜனங்கள். 'இருக்கிறதைப் பத்திரமா வச்சுக்குவோம்' என்று உட்கார்ந்துவிடுகிறார்கள்.

உட்கார்ந்தால் என்ன ஆகிறது? முதலில் வாசலில் கோலம் போடுவது நிற்கும். அப்புறம் கோயில் நிற்கும். கல்யாண வீடு என்றால் 'நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்டைப் பார்த்துக்கறேன்' என்பாள் அம்மா. ஏன் என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை. நான் கேட்பேன். தயங்கித் தயங்கிச் சொல்வார்கள்: மண்டபத்தில் குந்தி உட்காருகிற கக்கூஸ்தான் இருக்குமாம். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாதாம். பஸ்ஸில் வெளியூர் போவதென்றால் முதல் நாள் சாயங்காலத்திலிருந்தே தண்ணீர் குடிக்காமல் இருக்கிற பெண்களை எனக்குத் தெரியும். முட்டி வலிக்கு மருந்து கேட்டு வந்தவர்களுக்கு நீர்க்கடுப்புக்கும் சேர்த்து மருந்து கொடுத்து அனுப்பியிருக்கிறேன். ஒரு மூட்டு வலி எங்கே கொண்டுபோய் விடுகிறது பார்த்தீர்களா?

சரி, முட்டிக்குள் ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வருவோம். சித்த வைத்தியருக்கு எலும்பையும் மூட்டையும் பற்றி என்ன தெரியும் என்று இன்னமும் சிலர் நினைக்கிறார்கள். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964-ல் தொடங்கியது. அங்கே படித்த எங்களுக்கும் உடற்கூறு ஒரு பாடம்தான். ஃபார்மலின் வாடையில் கண் எரிய எரிய, பிணத்தை அறுத்துப் படித்தவர்கள்தான் நாங்களும்!

உடம்பிலேயே நீளமான எலும்பு தொடை எலும்பு. அதன் அடிமுனை இரண்டு உருண்டைக் குமிழ்கள் மாதிரி இருக்கும். அதற்குக் கீழே முன்னங்கால் எலும்பின் மேல்முனை, கிட்டத்தட்டத் தட்டையாக. தட்டையான பலகையின் மேல் இரண்டு உருண்டையை வைத்தால் நிற்குமா? நழுவி ஓடிவிடும். ஓடாமல் இருக்க உள்ளே இரண்டு ஏற்பாடு இருக்கிறது. பிறைநிலா வடிவத்தில் இரண்டு திண்டுகள், உருண்டைக்கு அண்டக் கொடுத்த மாதிரி. அப்புறம் எலும்பையும் எலும்பையும் இழுத்துக் கட்டுகிற நான்கு நார்கள். பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு, நடுவில் கத்தரிக்கோல் போலக் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு. கபடி, ஃபுட்பால் ஆடுகிற பையன்களுக்கு 'ஜவ்வு கிழிஞ்சிடுச்சு' என்கிறோமே, அது இந்தத் திண்டாகவும் இருக்கலாம், நாராகவும் இருக்கலாம். இரண்டையும் ஜவ்வு என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

முன்பக்கம் முட்டிச் சில்லு. எங்கள் தென்பக்கம் சிரட்டை என்பார்கள். கவிழ்த்து வைத்த தேங்காய்ச் சிரட்டை மாதிரிதானே இருக்கிறது! பிறந்த குழந்தைக்கு இது எலும்பாக இருக்காது, வெறும் குருத்து. மூன்று வயது வாக்கில்தான் எலும்பாக ஆரம்பிக்கும். இந்தச் சில்லு தனியாக ஒட்ட வைத்த மூடி இல்லை. தொடையின் முன்பக்கத் தசை முடிகிற நாருக்குள்ளேயே பொதிந்து கிடக்கிறது. கிணற்றில் கப்பி என்ன வேலை செய்கிறதோ அதே வேலை. கப்பி இருப்பதால்தானே கயிற்றை லேசாக இழுத்தாலும் வாளி மேலே வருகிறது? கயிறுதான் தொடைத் தசை. வாளிதான் உங்கள் கீழ்க்கால். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலை இருக்கிறது.

இப்போது நம் 'தேய்மான' சமாசாரத்துக்கு வருவோம். எலும்பு முனைகளில் வழவழவென்று ஒரு குருத்தெலும்பு மூடியிருக்கும். இளநீர் வழுக்கை கெட்டிப்பட்டால் எப்படி இருக்குமோ அப்படி. தேய்கிறது, தேய்கிறது என்கிறார்களே, அது இதைத்தான். இதில் ஒரு விசேஷம். இதற்கு ரத்தக் குழாய் கிடையாது, நரம்பும் கிடையாது. ரத்தம் போகாத ஒரு உறுப்பு எப்படிப் பிழைக்கிறது? மூட்டுக்குள் ஒரு வழவழப்பான நீர் சுரக்கிறது. நல்ல முட்டியில் அது ஒரு டீஸ்பூன் அளவு கூட இருக்காது. அந்த நீரிலிருந்துதான் குருத்துக்குச் சாப்பாடு. சாப்பாடு எப்படி உள்ளே போகும்? காலை ஊன்றும்போது குருத்து ஸ்பாஞ்ச் மாதிரி அமுங்கி, உள்ளே இருக்கிற கழிவை வெளியே தள்ளும். காலைத் தூக்கும்போது உப்பி, நீரையும் சத்தையும் உறிஞ்சும். ஊன்று, தூக்கு... ஊன்று, தூக்கு. நடைதான் அதற்குப் பந்தி பரிமாறுகிறது! நடக்காமல் உட்கார வைத்தால் அதற்குப் பட்டினி.

செருப்புக்கு இப்படி உண்டா? டயருக்கு உண்டா? பழுதானால் டயர் தன்னைத் தானே கவனித்துக்கொள்ளுமா? முட்டி உயிருள்ள பொருள் ஸார்.

சித்த மருத்துவத்தில் இந்த நோய்க்குப் பெயர் அழல் கீல் வாயு. கீல் என்றால் மூட்டு. கதவுக்கும் கீல் என்றுதானே சொல்கிறோம்? பத்து வருஷம் பூட்டிக் கிடந்த வீட்டுக் கதவைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? தினம் நூறு தடவை திறந்து மூடுகிற சமையல்கட்டுக் கதவு முனகாமல் திறக்கும். பூட்டிக் கிடந்த கதவுதான் ஊரைக் கூட்டும். பேர் வைத்த முன்னோர்கள் 'தேய்மானம்' என்று வைக்கவில்லை, கீல் என்றார்கள். எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

இதற்காக குருத்து மெலிவதே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. மெலிகிறது. ஆனால் இந்த நோய் குருத்தோடு நிற்பதில்லை. குருத்துக்கு அடியில் இருக்கும் எலும்பு மாறுகிறது, மூட்டைச் சுற்றியிருக்கிற உறை அழற்சியால் வீங்குகிறது, தொடைத் தசை சூம்புகிறது. நரம்பே இல்லாத குருத்து எப்படி வலிக்கும், சொல்லுங்கள்? வலி வருவது உறையிலிருந்தும் எலும்பிலிருந்தும் சுற்றுப்புறத்திலிருந்தும்தான். அதனால்தான் எக்ஸ்ரேயும் வலியும் பல சமயம் ஒத்துப் போவதில்லை. எக்ஸ்ரேயில் எலும்பும் எலும்பும் நெருங்கிக் கிடக்கும். ஆள் வயலுக்குப் போய் வந்துகொண்டிருப்பார். இன்னொருவர் படம் சுத்தமாக இருக்கும். அவரால் பத்தடி நடக்க முடியாது. படத்துக்கு வைத்தியம் பார்ப்பதா, ஆளுக்கு வைத்தியம் பார்ப்பதா?

ஓடினால் முட்டி போய்விடும் என்று சொல்வார்களே, அதையும் கணக்கெடுத்துப் பார்த்தார்கள். பல ஆய்வுகளைச் சேர்த்து 2017-ல் வந்த ஒரு அலசலில், ஆரோக்கியத்துக்காக அளவாக ஓடுகிறவர்களில் 3.5 சதவிகிதம் பேருக்கு இடுப்பு அல்லது முட்டியில் இந்த நோய் இருந்தது. ஓடாமல் உட்கார்ந்தே இருந்தவர்களில் 10.2 சதவிகிதம்! போட்டிக்காகக் கடுமையாக ஓடுகிறவர்களில் 13.3 சதவிகிதம். அளவாக ஓடினவர்கள்தான் தப்பித்தார்கள். அளவு மீறினாலும் கெடுதல், அசையாவிட்டாலும் கெடுதல் என்பதுதான் இதில் எனக்குத் தெரிகிற சேதி. சீனாவில் பெய்ஜிங் நகர முதியவர்களிடம் நடந்த ஆய்வு ஒன்று 2004-ல் வெளியானது. இளம் வயதில் தினமும் மணிக்கணக்கில் குந்தி உட்கார்ந்திருந்தவர்களுக்கு வயதான பிறகு முட்டி நோய் கூடுதலாக இருந்ததாம். ஆகவே 'நம்ம தாத்தா பாட்டி எல்லாம் குந்திதானே உட்கார்ந்தாங்க' என்று என் கட்சிக்காரர்கள் சிலர் பேசுகிற பேச்சையும் நான் முழுசாக ஒப்புக்கொள்வதில்லை.

ஒரு டீச்சரம்மா வந்தார். ரிட்டயர்டு ஆனவர். மகன் வீடு முதல் மாடியில். ஏறிப் போனவர் ஒன்றரை வருஷமாகக் கீழே இறங்கவில்லை. அன்றைக்கு என்னிடம் வரவே, மகனும் மருமகளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இறக்கிக்கொண்டு வந்தார்கள். தைலம், சூரணம் எல்லாம் ஏற்கெனவே ஆகிவிட்டது. "ஒரு நல்ல எண்ணெயா எழுதிக் கொடுங்க, போதும்" என்றார்.

"எழுதறேன். முதல்ல கையை ஊன்றாம இந்த நாற்காலியிலேர்ந்து எழுந்திருங்க பார்ப்போம்" என்றேன்.

முடியவில்லை. ஒரு தடவை கூட முடியவில்லை. தொடையைத் தொட்டுப் பார்த்தேன். எலும்பின் மேல் துணி சுற்றின மாதிரி இருந்தது. மாவுக்கட்டுப் போட்ட காலைப் பிரித்ததும் பார்த்திருப்பீர்களே, ஒரு மாதத்திலேயே சூம்பிப் போயிருக்கும். இவருக்கு ஒன்றரை வருஷம் கட்டே இல்லாமல் கட்டுப்போட்ட மாதிரி! கப்பியும் இருக்கிறது, வாளியும் இருக்கிறது. இழுக்கிற கயிறு இற்றுப் போயிருக்கிறது. எண்ணெய் என்ன செய்யும்?

நாற்காலியில் இரண்டு தலையணையைப் போட்டு உயரமாக்கினேன். இப்போது எழ முடிந்தது. "வீட்டிலும் இதே மாதிரி போட்டுக்கிட்டு காலையில அஞ்சு தடவை, சாயங்காலம் அஞ்சு தடவை எழுந்து உட்காருங்க. சுலபமா வந்த பிறகு ஒரு தலையணையை எடுத்துடுங்க." கூடவே கீழே சொல்லப் போகிற பயிற்சிகளும். மருமகளுக்கு நம்பிக்கையே இல்லை. 'இதுக்கா இறக்கிக் கூட்டி வந்தோம்' என்று முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. மூன்று மாசம் கழித்து டீச்சரம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தானே இறங்கி வந்தார். வலி சுத்தமாகப் போய்விட்டதா? இல்லை. பாதிக்கு மேல் குறைந்திருந்தது. மறுபடி எக்ஸ்ரே எடுக்கட்டுமா என்று கேட்டார். எதற்கு? பழைய படம்தான் வரும்.

பயிற்சிகளைச் சொல்கிறேன். காசு செலவில்லை, கருவி எதுவும் வேண்டாம். ஒரு டவல், ஒரு நாற்காலி, ஒரு சுவர் போதும்.

முதல் பயிற்சி, படுக்கையில் இருந்தபடியே. காலை நீட்டிக்கொள்ளுங்கள். முட்டிக்கு அடியில் டவலைச் சுருட்டி வையுங்கள். டவலை நசுக்குவது போல் முட்டியைக் கீழே அழுத்துங்கள். தொடைத் தசை இறுகுவது கைக்குத் தெரிய வேண்டும். மனதுக்குள் ஐந்து எண்ணி விடுங்கள். மூச்சை அடக்கக் கூடாது. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் இதில் ரொம்ப ஜாக்கிரதை. வாய்விட்டு எண்ணினால் மூச்சு தானாக ஓடும். இப்படிப் பத்துத் தடவை. முட்டி மடங்கவே மடங்காததால், வலி அதிகம் உள்ளவர்களும் இதைச் செய்யலாம். பார்ப்பதற்கு ஒன்றுமே செய்யாத மாதிரி இருக்கும். ஆனால் நான் ஒரே ஒரு பயிற்சிதான் சொல்லலாம் என்று யாராவது சட்டம் போட்டால் இதைத்தான் சொல்வேன்.

இது பழகியதும் அடுத்தது. மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கிப் பாதத்தை ஊன்றிக்கொள்ளுங்கள். கீழ் முதுகைக் காப்பாற்றத்தான் இந்த மடக்கல், அதை விட்டுவிடாதீர்கள். இன்னொரு காலை முட்டி மடங்காமல் விறைப்பாக, ஒரு ஜாண் ஒன்றரை ஜாண் உயரம் தூக்கி, ஐந்து எண்ணி, மெதுவாக இறக்குங்கள். தொப்பென்று போடக்கூடாது. மெதுவாக இறக்குவதில்தான் பாதிப் பலன். ஒருக்களித்துப் படுத்து மேல் காலை இதே மாதிரி தூக்கினால் இடுப்பின் பக்கவாட்டுத் தசைக்கு நல்லது. முட்டி வலிக்கு இடுப்பு எதற்கு என்று கேட்காதீர்கள். நடக்கும்போது உடம்பு பக்கவாட்டில் சாய்ந்து முட்டியின் மேல் விழாமல் பிடித்து நிறுத்துவது அந்தத் தசைதான்.

நாற்காலியில் உட்கார்ந்து டி.வி. பார்க்கிறீர்களா? விளம்பரம் வரும்போதெல்லாம் ஒரு காலை நேராக நீட்டி ஐந்து எண்ணி இறக்குங்கள். சீரியலை விட விளம்பரம்தானே அதிகம், கால் நன்றாகத் தேறிவிடும்! டீச்சரம்மாவுக்குச் சொன்ன எழுந்து உட்காருவது அதற்கு அடுத்த படி. சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது கெண்டைக்காலுக்கு. எதையும் முதல் நாளே முப்பது தடவை செய்து வீரம் காட்ட வேண்டாம். ஐந்தில் ஆரம்பித்து வாரத்துக்குக் கொஞ்சமாக ஏற்றினால் போதும்.

"செய்யும்போது வலிக்குதே டாக்டர், விட்டுடட்டுமா?" எல்லாரும் கேட்கிற கேள்வி இது. லேசான வலி, இழுக்கிற மாதிரி வலி இருந்தால் பரவாயில்லை, தொடரலாம். மறுநாள் காலையில் என்ன நிலைமை என்று பாருங்கள். முந்தின நாளை விட வலியும் வீக்கமும் கூடியிருந்தால் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள். நிறுத்தாதீர்கள். பலன் தெரிய ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதம் ஆகும். இதைச் சொன்னதும் பாதிப் பேருக்கு முகம் சுருங்கும். மாத்திரை மாதிரி அரை மணியில் கேட்க இது என்ன மந்திரமா?

இனி என் சொந்தக் கட்சிக்காரர்களோடு ஒரு சண்டை. சித்த வைத்தியர்களில் ரொம்பப் பேர் முட்டி வலி என்றதும் ஒரு பாட்டில் தைலம், ஒரு பொட்டலம் சூரணம் கொடுத்து அனுப்பிவிடுகிறோம். நோயாளிக்கும் அதுதான் வேண்டியிருக்கிறது. பயிற்சி சொல்லித் தர பதினைந்து நிமிஷம் ஆகும். அதற்குள் வெளியே நான்கு பேர் காத்திருப்பார்கள். தைலத்துக்கு விலை உண்டு, பயிற்சிக்கு யார் காசு கொடுக்கிறார்கள்? எம்.பி.பி.எஸ். படித்த நண்பர்களும் இதில் லேசுப்பட்டவர்கள் இல்லை. அங்கே தைலத்துக்குப் பதில் வலி மாத்திரை. வருஷக்கணக்கில் அதைச் சாப்பிட்டு வயிற்றில் புண்ணும் சிறுநீரகத்தில் கோளாறுமாக வந்தவர்கள் எத்தனை பேர்!

தைலம் வேண்டாம் என்கிறேனா? நானே எழுதிக் கொடுக்கிறவன்தான். உளுந்துத் தைலத்தை இளஞ்சூடாகத் தடவி, நொச்சி இலையை வதக்கித் துணியில் முடிந்து ஒற்றடம் கொடுத்தால் முட்டி இளகும், வலி மட்டுப்படும். அப்படி மட்டுப்பட்ட நேரத்தில் பயிற்சி செய்ய வேண்டும் என்பதுதான் என் கட்சி. தைலம் வாசலைத் திறந்து விடும். உள்ளே நடந்து போக வேண்டியது நீங்கள்.

நம் வைத்தியத்திலேயே இதற்கு இடம் இருக்கிறது. சித்தத்தில் புற மருத்துவம் முப்பத்திரண்டு வகை. அதில் தொக்கணம் என்பது ஒன்று. மசாஜ் என்று இன்றைக்குச் சொல்வது. அதிலேயே ஒன்பது விதம்: தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல். கடைசியாக வருகிறதே, அசைத்தல்! அதை விட்டுவிட்டு, எண்ணெய்ப் பாட்டிலை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கிறோம். பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பினால் நம் மதிப்புக் குறைந்துவிடும் என்று நினைக்கிற வைத்தியர்களைப் பார்த்திருக்கிறேன். என் நோயாளிகளை நான் அனுப்புகிறேன். மதிப்பு ஒன்றும் குறையவில்லை.

இன்னொரு எச்சரிக்கை. 'மூணே நாளில் முட்டி வலி பறந்து போகும்' என்று லேபிள் இல்லாத பொட்டலத்தில், பஸ் ஸ்டாண்டிலும் வாட்ஸ்அப்பிலும் விற்கிற பொடியை வாங்காதீர்கள். இந்த மாதிரிப் பொடிகளில் ஸ்டீராய்டு மாத்திரையை அரைத்துக் கலக்கிறவர்கள் இருக்கிறார்கள். மூன்று நாளில் வலி பறக்கும்தான். கொஞ்ச மாதத்தில் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு வலுவிழக்கும். பழி சித்த மருத்துவத்துக்கு!

முட்டிக்குள் போடுகிற ஸ்டீராய்டு ஊசியைப் பற்றியும் கேட்கிறார்கள். தாங்க முடியாத வலிக்கு எப்போதோ ஒரு முறை போட்டுக்கொள்வது வேறு. மூன்று மாதத்துக்கு ஒன்று என்று இரண்டு வருஷம் போட்டுப் பார்த்த ஆய்வு 2017-ல் வெளியானது. உப்பு நீர் ஊசி போட்டவர்களை விட இவர்களுக்குக் குருத்து அதிகம் மெலிந்திருந்தது. வலியில் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. 2020-ல் இன்னொன்று. 156 பேரில் பாதிப் பேருக்கு ஊசி, பாதிப் பேருக்கு பிசியோதெரபி. ஒரு வருஷம் கழித்துப் பார்த்தால் பிசியோதெரபிக்காரர்களுக்குத்தான் வலியும் குறைவு, நடமாட்டமும் மேல்.

ஆபரேஷனுக்கு நான் எதிரி இல்லை. கால் வில்லாக வளைந்து, ராத்திரித் தூக்கமும் போய், எல்லாம் செய்து பார்த்தும் முடியாதவர்களுக்கு மூட்டு மாற்று சிகிச்சை வரப்பிரசாதம். செயற்கை முட்டிக்கு 2017 ஆகஸ்டில் மத்திய அரசு விலை உச்சவரம்பு கொண்டுவந்த பிறகு அது இன்னும் பல பேருக்கு எட்டியது. ஆனால் ஒரு விஷயம். ஆபரேஷன் ஆன மறுநாளே எழுப்பி நிறுத்தி, நான் மேலே சொன்ன அதே பயிற்சிகளைத்தான் செய்யச் சொல்வார்கள். பின்னால் எப்படியும் செய்யப் போவதை முன்னாலேயே செய்து பார்த்தால் என்ன?

எடையைப் பற்றி நீட்டி முழக்க மாட்டேன், வீட்டில் ஏற்கெனவே எல்லாரும் சொல்லிக்கொண்டுதான் இருப்பார்கள். ஒரே ஒரு கணக்கு மட்டும். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் முட்டியின் மேல் ஒவ்வொரு அடிக்கும் சுமார் நான்கு கிலோ பாரம் குறைகிறது என்று 2005-ல் ஒரு ஆய்வு அளந்து சொன்னது. முப்பது கிலோ குறைக்க வேண்டாம். மூன்று கிலோ குறைத்தாலே பன்னிரண்டு கிலோ அரிசிப் பையை இறக்கி வைத்த மாதிரி.

பயிற்சி செய்யாமல் முதலில் டாக்டரிடம் ஓட வேண்டிய வலியும் உண்டு. முட்டி சிவந்து, கொதித்து, காய்ச்சலும் இருந்தால் அது சீழ் பிடித்த மூட்டாக இருக்கலாம்; அன்றைக்கே ஆஸ்பத்திரி. விழுந்து அடிபட்டுக் கால் ஊன்ற முடியவில்லை, முட்டி மடங்கின நிலையில் பூட்டிக்கொண்டது, கெண்டைக்கால் திடீரென வீங்கிவிட்டது என்றாலும் தாமதிக்கக் கூடாது. காலையில் எழுந்ததும் விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்து, கைவிரல் மூட்டுகளும் வீங்கினால் அது வேறு வாதம். அதற்கு ரத்தப் பரிசோதனையும் வேறு வைத்தியமும் வேண்டும்.

கூட்டிப் போக ஆளில்லாத வீட்டுக்கு ஒரு தகவல். தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. வீட்டுக்கே வந்து பிசியோதெரபி சொல்லித் தருவதும் அதில் ஒரு பகுதி. சர்க்கரை, பிரஷர் மாத்திரைக்காக மட்டும் அதைத் தெரிந்து வைத்திருப்பவர்கள்தான் அதிகம். உங்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் 'முட்டிக்குப் பயிற்சி சொல்லித் தர யார் வருவாங்க?' என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

கைத்தடி பிடிக்க வெட்கப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். பிடிக்கிறவர்களோ வலிக்கிற கால் பக்கத்துக் கையிலேயே பிடிக்கிறார்கள். அப்படிப் பிடித்தால் உடம்பு முழுக்க வலிக்கிற காலின் மேல்தான் சாயும். வலது முட்டியில் வலி என்றால் தடி இடது கையில். வலது காலும் தடியும் ஒரே நேரத்தில் முன்னால் போக வேண்டும். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது வலிக்கிற கால் முதலில். கைப்பிடியை விடாதீர்கள். இன்றைக்கு ஒரே ஒரு படியில் ஏறி இறங்கிப் பாருங்கள். அடுத்த வாரம் இரண்டு.